‘லாக்லேண்ட்ஸ்’ விஷயத்தில் வாசகர்கள் ஏன் இரண்டுபட்டு நிற்கிறார்கள்?

நீங்கள் கேட்டிருப்பது இது. அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஜாக்சன் பென்னெட்டின் ‘ஃபவுண்ட்ரிசைட்’ என்ற மாயக்கதை நாவலைப் படித்தீர்கள், பிடித்திருந்தது. அந்த வரிசையில் ‘ஷோர்ஃபால்’, ‘லாக்லேண்ட்ஸ்’ என்று இன்னும் இரண்டு பாகங்கள். வாங்குவதற்கு முன்னால் வாசகர் கருத்துகளைப் பார்த்தால், மூன்றாம் பாகத்துக்கு ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டுக் கடைசி அத்தியாயத்தில் அழுததாக எழுதுகிறார். அடுத்தவர் ஒரு நட்சத்திரம் போட்டு ஏமாந்துவிட்டதாகப் புலம்புகிறார். யாரை நம்புவது? அதோடு, ‘முதல் பாகத்தைவிட இருட்டாக இருக்குமா’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மனதில் நின்றது உங்கள் கடைசி வரி: வைட்ஃபீல்டுக்கு மெட்ரோவில் போய்வரும் நேரத்தில்தான் படிக்க முடிகிறது, ஆயிரம் பக்கம் வீணாகிவிடக் கூடாது. ஆக, முன்பின் தெரியாத மனிதர்களின் சண்டையை வைத்துக்கொண்டு ‘எனக்குப் பிடிக்குமா’ என்று கண்டுபிடிக்க வழி உண்டா என்பதுதான் கேள்வி. ஓரளவுக்கு உண்டு.

எனக்கு இதில் என்ன அனுபவம் என்றால், பெங்களூர் அல்சூரில் 22 வருஷம் ஒரு லெண்டிங் லைப்ரரி நடத்தினேன். ஒரு பக்கம் பைண்டு செய்த தமிழ்த் தொடர்கதைகள், இன்னொரு பக்கம் ஆங்கில மாயக்கதையும் அறிவியல் புனைவும். டெபாசிட், மாதச் சந்தா, பின்னட்டைக்குள் ஒட்டிய தேதிச் சீட்டு, ஊதா மை முத்திரை. நட்சத்திரமெல்லாம் அங்கே கிடையாது. வாசகர் என்ன நினைத்தார் என்று தெரிய வேண்டுமானால் திரும்பி வந்த புத்தகத்தைப் புரட்ட வேண்டும். ஏற்கெனவே படித்ததை மறந்துபோய் மறுபடி எடுத்துவிடக் கூடாதே என்று ஆளுக்கொரு பக்கத்தில் பென்சிலால் அடையாளம் வைத்திருப்பார்கள். மர்ஃபி டவுனிலிருந்து வரும் ஒரு பாட்டி 50ஆம் பக்க எண்ணைச் சுற்றி வட்டம் போடுவார். பிடித்திருந்தால் வட்டத்துக்குள் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை நம்பி நான் காசு போட்டுப் புத்தகம் வாங்கியிருக்கிறேன், ஒரு தடவைகூட மோசம் போனதில்லை.

அந்தத் தேதிச் சீட்டுகள் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உங்களுக்கு நேரடியாக உதவும். எந்த வரிசை நாவலை எடுத்தாலும் முதல் பாகத்தின் சீட்டு முத்திரையால் நிறைந்து, அதன்மேல் இன்னொரு சீட்டு ஒட்டியிருப்பேன். இரண்டாம் பாகத்தில் பாதிச் சீட்டு காலியாக இருக்கும். மூன்றாவதில் ஐந்தாறு முத்திரை இருந்தால் அதிகம். அந்த ஐந்தாறு பேரைக் கேட்டால் மூன்றாவதுதான் உசத்தி என்பார்கள்! நட்சத்திரக் கணக்கிலும் இதேதான் நடக்கிறது. முதல் பாகம் பிடிக்காதவர் இரண்டாவதைத் தொடவே மாட்டார், அதனால் அவருடைய ஒற்றை நட்சத்திரம் அங்கே விழாது. கடைசிப் பாகம் வரை வருபவர் ஏற்கெனவே மனதைக் கொடுத்துவிட்டவர். ஆகவே பின்பாகங்களின் சராசரி இயல்பாகவே கொஞ்சம் ஊதிப்போய் இருக்கும். இதை உறுதியாகவே சொல்வேன். இதிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது: மூன்றாம் பாகத்தைத் திட்டுபவரும் இரண்டு தடிப் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கி முடித்துவிட்டு வந்தவர்தான். அவர் வழிப்போக்கர் இல்லை, வீட்டு ஆள். அவருடைய கோபத்துக்குக் காது கொடுக்க வேண்டும்.

விருதுப் பட்டியலைக் காட்டி வாதாடுபவர்களும் இருக்கிறார்கள். இந்த வரிசை 2023ஆம் ஆண்டு ஹியூகோ விருதில் சிறந்த வரிசைக்கான இறுதிப் பட்டியல் வரை வந்தது, வெல்லவில்லை. ஹியூகோவும் அறிவியல் புனைவு மாநாட்டு உறுப்பினர்கள் போடும் வாக்குதான். அதிலும் வரிசைக்கான பிரிவில் யார் வாக்குப் போடுவார்? கடைசி வரை படித்தவர். நம் தேதிச் சீட்டுக் கதையேதான்.

சரி, சண்டைக்கு வருவோம். என் கணிப்பில், இந்த வாசகர்கள் மூன்றாம் பாகத்தின் தரத்தைப் பற்றிச் சண்டை போடவில்லை. முதல் பாகம் எந்த மாதிரிக் கதை என்பதில்தான் அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. அதைப் புரிந்துகொள்ள இந்த நாவலின் பிறப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ‘சைபர்பங்க்’ என்ற அறிவியல் புனைவு வகைக்குப் பெயர் வந்தது 1983இல் அச்சான ப்ரூஸ் பெத்கேயின் ஒரு சிறுகதைத் தலைப்பிலிருந்து. அடுத்த வருஷமே வில்லியம் கிப்சனின் ‘நியூரோமான்சர்’ வந்து அந்தப் பெயருக்கு ஒரு ஊரைக் கட்டிக்கொடுத்தது: அரசாங்கத்தை விழுங்கிவிட்ட கம்பெனிகள், அவற்றின் நிழலில் பிழைக்கும் கில்லாடிகள், உடம்புக்குள் செருகிய கருவிகள். 1989இல் ‘ஷேடோரன்’ என்ற விளையாட்டு அந்த ஊருக்குள் மந்திரவாதிகளையும் டிராகன்களையும் கூட்டி வந்தது. பென்னெட் 2018இல் செய்தது இதற்குத் தலைகீழ். கம்ப்யூட்டர் என்ற சொல்லே இல்லாத, பழைய இத்தாலியச் சாயலுள்ள ஒரு துறைமுக நகரத்தை எடுத்துக்கொண்டு, சைபர்பங்கின் எலும்புக்கூட்டை அதற்குள் வைத்துத் தைத்துவிட்டார்.

நீங்கள் படித்துவிட்டீர்கள், ஆனாலும் இந்தப் பதிலை வேறு யாராவது படிப்பார்கள் என்பதற்காகச் சுருக்கமாக: டெவான் நகரத்தில் ஸ்க்ரைவிங் என்று ஒரு வித்தை. பொருள்களின்மேல் குறியீடுகளைப் பொறித்து அவற்றை நம்பவைப்பது. வண்டிச் சக்கரத்திடம் ‘நீ இறக்கத்தில் நிற்கிறாய்’ என்று எழுதிவிட்டால் சமதரையிலும் உருண்டுகொண்டே போகும், குதிரை வேண்டியதில்லை. அம்பிடம் ‘நீ வெகு உயரத்திலிருந்து விழுந்துகொண்டிருக்கிறாய்’ என்று எழுதினால் அது வந்து தாக்கும் வேகமே வேறு. ஆனால் பக்கத்தில் லெக்சிகன் என்ற ராட்சத இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதன் எல்லையைத் தாண்டினால் சக்கரம் வெறும் சக்கரம், சிக்னல் போன செல்போன் மாதிரி. லெக்சிகன்கள் நான்கு வணிகக் குடும்பங்களின் கையில் இருக்கின்றன. அந்தக் குடும்பங்கள் மதில் கட்டி உள்ளே குளுகுளுவென்று வாழ்கின்றன. அந்த மதில் வளாகத்துக்குப் பெயர் காம்போ. வெளியே சேறும் குடிசையும் கள்ளத்தனமாகக் குறியீடு எழுதிக்கொடுப்பவர்களும். காம்போ வாசலைத் தாண்ட உங்கள்மேல் ஒரு அடையாளப் பொட்டலம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை.

எங்கள் வாசகர் குழு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரைப் பக்கம் கூடும். ஏழெட்டுப் பேர்தான். அதில் பெல்லந்தூரில் வேலை பார்க்கும் ஒரு பையன் இந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு வந்து, “அக்கா, இதுல என்னக்கா கற்பனை இருக்கு, இது எங்க ஆபீஸ்” என்றான். கழுத்தில் தொங்கிய கார்டை எடுத்து ஆட்டிக் காட்டினான். மழை பெய்தால் வாசலுக்கு வெளியே முழங்கால் தண்ணீர், உள்ளே புல்தரைக்கு ஸ்ப்ரிங்க்ளர் ஓடும் என்றான். “புக்கு சக்கத்தா இருக்கு” என்று தீர்ப்பும் சொன்னான். வெளிநாட்டு வாசகர்கள் பலர் இந்த நகர அமைப்பைக் கற்பனை வளம் என்று பாராட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு அவன் ஞாபகம்தான் வரும். பெங்களூர்க்காரருக்கு முதல் பாகம் தித்திப்பதற்கு இது ஒரு காரணம். அதே காரணத்தால்தான் அடுத்த பாகங்களில் நமக்குக் கூடுதலாக ஒன்று கைவிட்டுப் போகிறது.

என்ன போகிறது? தெரு. முதல் பாகத்தில் திருடியான கதாநாயகி சான்சியா கூரைமேல் ஓடுகிறாள், சாக்கடையில் விழுகிறாள், மண்டைக்குள் தகடு வைத்துத் தைக்கப்பட்ட அவளால் இன்னொரு மனிதரை வலியில்லாமல் தொட முடியாது. வாசகரின் மூக்கில் அந்த ஊரின் நாற்றம் ஏறுகிறது. இரண்டாம் பாகம் மூன்று வருஷம் கழித்துத் தொடங்கி, பழங்காலத்துச் சக்தி ஒன்றை உள்ளே கொண்டுவருகிறது. மூன்றாவது அதிலிருந்து எட்டு வருஷம் தாண்டிக் குதித்து ஒரு பெரும் போருக்கு நடுவில் நம்மை இறக்கிவிடுகிறது. இதற்கு மேல் சொன்னால் உங்கள் சுவாரஸ்யம் கெடும். ‘இருட்டாக இருக்குமா’ என்ற கேள்விக்குப் பதில்: மூன்றாவதில் பிணம் கூடியிருக்கிறது, சேறு குறைந்திருக்கிறது. அழுக்கான தெருக்கதைக்காக வந்தவர்கள் ஏமாந்தோம் என்று சொல்வது நியாயம்தான். அவர்கள் ஏறிய பஸ் வேறு ஊருக்குப் போய்விட்டது.

ஆனால் அந்த பஸ்ஸில் வேறு சிலர் வேறு காரணத்துக்காக ஏறியிருந்தார்கள். முதல் பாகத்தில் தங்கச் சாவி கிளெஃப் பூட்டுகளோடு பேசுவது ஞாபகம் இருக்கும். பூட்டைச் சாவி உடைப்பதில்லை. அதற்கு இடப்பட்ட கட்டளையில் ஓட்டையைத் தேடி, வக்கீல் மாதிரிக் குறுக்குக் கேள்வி கேட்டு, அது தானாகத் திறக்கும்படி மயக்குகிறது. உலகத்தையே இப்படிப் பேசி மாற்றலாம் என்றால் மனிதரை? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு மூன்று பாகமும் ஒரே நேர்கோடு. ‘இரட்டையாக்கல்’ என்று முதல் பாகத்தில் ஒரு வித்தை வருமே, இரண்டு பொருள்களை ‘நீங்கள் இருவரும் ஒன்றே’ என்று நம்பவைப்பது. அங்கே அது பட்டறைத் தந்திரம். ‘லாக்லேண்ட்ஸ்’ அதை மனித மனங்கள்மேல் வைத்துப் பார்க்கிறது. அழுதேன் என்று எழுதியவர்கள் எல்லோரும் அநேகமாக இந்தப் பக்கத்து ஆட்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை.

இதே சண்டையை நான் தமிழ் அலமாரிக்கு முன்னால் ஆங்கிலத்துக்கு ரொம்ப முன்பே பார்த்துவிட்டேன். எழுத்தாளர் சுஜாதா இங்கே பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர், அதனால் அல்சூர் சந்தாதாரர்களுக்கு அவர்மேல் சொந்தக்காரர் மாதிரி உரிமை. ‘என் இனிய இயந்திரா’வில் கதாநாயகி நிலாவின் பக்கத்தில் ஓடிவந்த இயந்திர நாய் ஜீனோ, ‘மீண்டும் ஜீனோ’வில் நடுக்கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. நிலாவுக்காகப் படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். நாய்க்காகப் படித்தவர்கள் இரண்டாவதுதான் சுஜாதா என்றார்கள். இரண்டு கட்சிக்கும் நான் தலையாட்டினேன், கடை நடத்த வேண்டாமா?

வாசகர் குறைகளில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று பார்த்தால், அடிக்கடி வருவது ‘விதிகளை விளக்கிக்கொண்டே இருக்கிறார்’ என்பது. இது உண்மை, மூன்று பாகத்துக்கும் பொருந்தும். பாத்திரங்கள் ஓடும்போதும் சாகும்போதும்கூட நின்று இயந்திரத்தின் சூத்திரத்தைச் சொல்வார்கள். முதல் பாகத்தில் இது உங்களைக் கொஞ்சம் உறுத்தியிருந்தால் பின்னால் பத்து மடங்கு உறுத்தாது, இரண்டு மடங்கு உறுத்தும். அடுத்தது பேச்சுநடை. பழைய நகரத்துக் கதாபாத்திரங்கள் இன்றைய அமெரிக்க இளைஞர் மாதிரிப் பேசுகிறார்கள் என்பதும், ‘ஸ்க்ரம்மிங்’ என்று ஆசிரியரே உண்டாக்கிய கெட்டவார்த்தை வரிக்கு வரி வருகிறது என்பதும். எனக்கு அது பிடிக்கவில்லை, வசவு என்றால் வாயில் பழகிய சூடு வேண்டும். ஆனால் இது முதல் பக்கத்திலிருந்தே இருக்கிறது, தாண்டி வந்துவிட்டீர்கள். ஆகவே இந்தக் குறையைச் சொல்லி மூன்றாம் பாகத்துக்கு ஒரு நட்சத்திரம் போட்டவரை நீங்கள் தாராளமாக ஒதுக்கலாம். மூன்றாவது, இரண்டாம் பாகம் அவசரமாகக் கடவுள் அளவுக்கு எகிறிவிட்டது என்ற குறை. இதில் நான் குறை சொல்பவர்கள் பக்கம். வரிசையிலேயே ‘ஷோர்ஃபால்’தான் பலவீனம் என்பது என் தீர்ப்பு. மிரட்டல் பெரிதாகப் பெரிதாகச் சான்சியா சிறுத்துவிடுகிறாள். எங்கள் குழுவில் பாதிப் பேர் இதை ஒப்புக்கொள்ளவில்லை, ஒருவர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

உறுதியில்லாததையும் சொல்லிவிடுகிறேன். ‘ஷோர்ஃபால்’ 2020 ஏப்ரலில் வந்தது, ஊரடங்குக்கு நடுவில். அந்த நேரத்தில் நகரம் அழியும் கதையைப் படிக்க யாருக்கு மனசு வந்திருக்கும்? அதன் பேர் கெட்டதில் அந்தக் காலத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். வெறும் ஊகம், ஆதாரம் கேட்காதீர்கள். ‘லாக்லேண்ட்ஸ்’ 2022இல்தான் வந்தது. அந்த இரண்டு வருஷத்தில் பலர் பழைய பாகத்தின் விதிகளை மறந்திருப்பார்கள், தொடக்கம் புரியவில்லை என்ற புகார் அதனால்கூட இருக்கலாம். நீங்கள் மூன்றையும் தொடர்ச்சியாகப் படிக்கப்போவதால் அந்தச் சிரமம் குறையும். அடுத்த பாகம் தாமதம் என்று யாராவது அலுத்துக்கொண்டால், எங்கள் அல்சூர் திருவள்ளுவர் சிலையைக் காட்டுவேன். 1991இல் வைத்த சிலையைத் திறந்தது 2009இல், மனிதர் 18 வருஷம் மூடிக்கொண்டு நின்றார்.

இன்னொரு விஷயம், என் ருசியும் கோணலானது. எனக்குப் போர்க்காட்சி என்றாலே கண் சொருகும். அதனால் ‘லாக்லேண்ட்ஸ்’ தொடக்கத்துப் போர் நீளம் என்று நான் சொன்னால் அதில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். மூன்றாவதை ஒரே ஒரு தடவைதான் படித்திருக்கிறேன். முதல் நூறு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆனது. கடைசி நூறு பக்கம் ஒரே இரவில், மின்சாரம் போய் எமர்ஜென்சி விளக்கில். முடிவு எனக்குப் பிடித்தது, அதற்கு அவர் முதல் பாகத்திலேயே விதை போட்டிருக்கிறார்.

வாசகர் கருத்துகளைப் பார்க்கும்போது ஐந்தையும் ஒன்றையும் விட்டுவிட்டு மூன்று நட்சத்திரக்காரர்களைத் தேடுங்கள். அவர்களுக்குத்தான் ‘இது பிடித்தது, ஆனால் அது’ என்று சொல்லும் பொறுமை இருக்கும். அவர்களில் யாராவது குறிப்பிட்ட ஒரு காட்சியைச் சொல்லிக் குறைப்பட்டால் அவர் பெயரைச் சொடுக்கி, முதல் பாகத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். முதல் பாகத்தில் உங்களுக்குப் பிடித்த அதே இடத்தைப் பாராட்டியிருக்கிறார் என்றால் அவர்தான் உங்கள் மர்ஃபி டவுன் பாட்டி. மற்ற ஆயிரம் பேரையும் மறந்துவிடலாம்.

அப்படி யாரும் கிடைக்காவிட்டால் ‘ஃபவுண்ட்ரிசைட்’டையே ஒரு தடவை திறந்து, சாவி பூட்டோடு வாதாடும் முதல் காட்சியை மறுபடி படியுங்கள். அப்புறம் சான்சியா தப்பி ஓடும் ஏதாவது ஒரு காட்சி. எதில் மெட்ரோ ஸ்டேஷனைத் தவறவிடுவீர்கள்? சாவி என்றால் இரண்டையும் வாங்குங்கள், இரண்டாவதில் சலித்தாலும் நிறுத்தாதீர்கள். ஓட்டம் என்றால் முதல் பாகத்தோடு விடைபெறலாம். அது தன்னளவில் முடிகிற கதைதான், குற்றவுணர்ச்சி வேண்டாம். அந்தப் பணத்துக்கு லாவண்யா லட்சுமிநாராயண் எழுதிய ‘தி டென் பெர்சென்ட் தீஃப்’ வாங்குங்கள். 2020இல் இங்கே ‘அனலாக்/வர்ச்சுவல்’ என்ற பெயரில் வந்த அதே புத்தகம், 2024 ஆர்தர் சி. கிளார்க் விருதின் குறும்பட்டியலில் இருந்தது. நம் பெங்களூரேதான் களம், கம்பெனி ஆளும் எதிர்கால பெங்களூர். மக்களை மேல் இருபது, நடு எழுபது, கீழ் பத்து சதவீதம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். வருஷாவருஷம் அப்ரைசலில் ஊழியர்களைத் தரம் பிரிக்கும் அந்த மணிவளைவை (‘பெல் கர்வ்’) பார்க்கிறவருக்கு விளக்கவே தேவையில்லை. மந்திரம் கிடையாது, ஒரே புத்தகம், வரிசைத் தொல்லை இல்லை.

‘ஷோர்ஃபால்’ மட்டும் வேண்டுமானால் வாங்காதீர்கள், கடையை மூடியபோது கொடுக்க மனமில்லாமல் எடுத்துவைத்த பெட்டியில் என்னிடம் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிப் பக்கம் வந்தால் தருகிறேன். டெபாசிட் வேண்டாம். நடுவில் சில பக்கங்களில் யாரோ சாம்பார் சிந்தியிருக்கிறார்கள், ஆனால் எழுத்து தெரியும். 50ஆம் பக்கத்தில் வட்டம் இருக்கிறது, புள்ளி இல்லை. அந்த வட்டம் நான் போட்டது.